சிவப்பு பல்பு வாங்காத ஆஸ்பத்திரி

அந்த ஆஸ்பத்திரியின் வாசல் வளைவின் மேல் அடுத்தடுத்து இரண்டு விளக்குகள். உள்ளே எந்த நோயாளிக்கும் கிருமித் தொற்று இல்லை என்றால் பச்சை எரிய வேண்டும். ஒருவருக்காவது இருந்தால் சிவப்பு எரிய வேண்டும். சிவப்பு எரிந்துவிட்டால் மற்ற வேலைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, தொற்று வந்த ஆளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். விதி நல்ல விதிதான். எழுதிய புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. கதவைத் திறந்த நாளிலிருந்து அங்கே பச்சைதான் எரிகிறது. ராவும் பகலும் எரிவதால் பச்சை பல்பு அடிக்கடி ஃபியூஸ் போகும். அதற்கென்று பீரோ நிறைய பச்சை பல்பு, வளைவில் நிரந்தரமாகச் சாய்த்து வைத்த ஒரு ஏணி. சிவப்புக்கு வெறும் ஹோல்டர் மட்டும் உண்டு. பல்பு வாங்கவில்லை. தேவைப்படாத சாமானை வாங்கிப் போடுவது வீண் செலவு என்பது நிர்வாகத்தின் கருத்து.

இந்த வளைவுக்கு அடியில்தான் ஒரு காலை நேரத்தில் போட்டோ ஸ்டூடியோக்காரர் ஒருவர் தன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். வலது விலாவுக்குக் கீழே யாரோ முறுக்கிப் பிழிவது போல வலி. கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். உடம்பு அனலாய்க் கொதித்தது, அந்தக் கொதிப்புக்குள்ளேயே பல் கிட்டித்துப் போகிற குளிர் வேறு.

மனுஷர் கூச்ச சுபாவம். டீயில் ஈ விழுந்து கிடந்தால், சொன்னால் கடைக்காரர் மனசு கஷ்டப்படுமே என்று ஈயை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் குடிக்கிற ரகம். ஆயுசு முழுக்க, கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தவர்களிடம் "ஆடாதீங்க, கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிப் பிழைத்தவர். அப்பேர்ப்பட்டவருடைய உடம்பே நாலு பேர் பார்க்க இப்படி ஆடுவதை அவரால் தாங்க முடியவில்லை. வலியைக் காட்டிலும் அந்த வெட்கம்தான் அவரை அதிகமாக வதைத்தது.

"என்னங்க, குளிர்றதுக்கெல்லாமா வெக்கப்படுவாங்க?" என்றாள் மனைவி. "ஆஸ்பத்திரிக்குத்தானே வந்திருக்கோம்? பொண்ணு பாக்கவா வந்திருக்கோம்?"

அவருக்கு அந்த வித்தியாசம் எப்போதுமே சரியாகப் பிடிபட்டதில்லை.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த சின்ன டாக்டரம்மா விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். "பித்தப்பையில கல்லு இருந்திருக்கு. அதுல ஒண்ணு நழுவி, குடலுக்குப் போற பித்தக்குழாய் வாயில வந்து அடைச்சிக்கிச்சு. பித்தம் போக வழியில்லாம தேங்கி, அதுல சீழ் புடிச்சிருக்கு. சீழ் ரத்தத்துல கலந்தா உயிருக்கே ஆபத்து. இன்னைக்கே வாய் வழியா குழாய விட்டு வடிச்சு விட்டுரணும்."

"சீழா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

தூய்மை அதிகாரி நின்றிருந்தார். மூக்கின் மேல் ஒன்றுக்கு இரண்டு முகமூடி, கையில் வெள்ளை உறை. ஆஸ்பத்திரியில் கிருமி நுழையாமல் பார்த்துக்கொள்வது அவருடைய பொறுப்பு. அதை அவர் எப்படிச் செய்தார் என்பதை அவரே சொல்லக் கேட்பதுதான் முறை.

"டாக்டரம்மா, இங்க இதுவரைக்கும் ஒரு தொற்று வந்ததில்ல. ஏன் வரல? நாங்க தேடல. தேடினாத்தானே கிடைக்கும்? பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில தேடினாங்க. கிடைச்சுது. இப்ப அவங்க மானம் போய் நிக்கிறாங்க. அந்தத் தப்ப நாம பண்ணலாமா?"

பிறகு ஸ்டூடியோக்காரர் பக்கம் திரும்பினார். கோபமில்லை, வருத்தம்தான். அதுதான் இன்னும் மோசம்.

"ஏங்க, படிச்சவரு மாதிரி தெரியுறீங்க. வீட்டுக்குள்ள நுழையும்போது செருப்ப வெளிய விட்டுட்டுத்தானே வருவீங்க? இந்தக் கிருமியையும் வெளியவே விட்டுட்டு வந்திருக்கக் கூடாதா? எத்தன பேரு உழைப்பு இந்தப் பச்ச விளக்கு."

"தப்புத்தாங்க" என்றார் ஸ்டூடியோக்காரர், பல் தந்தியடிக்க.

"தெரியாம வந்துட்டாரு, மன்னிச்சிருங்க" என்று மனைவி சொன்ன விதத்தில் அந்த அதிகாரி கொஞ்சம் பின்வாங்கினார். ஆனால் ஸ்டூடியோக்காரர் உண்மையாகவே கூனிக் குறுகிப் போனார்.

சீட்டில் சீழ் என்பதை அடித்து வயிற்று வலி என்று எழுதிய பிறகுதான் அவரை உள்ளே சேர்த்தார்கள். வார்டில் போய்ப் படுத்த பிறகு அந்த ஆஸ்பத்திரியின் மொழி அவருக்குக் கற்றுத் தரப்பட்டது. அங்கே காய்ச்சல் என்று ஒன்று கிடையாது. உடம்பு சுட்டால் அது வெப்ப மிகுதி. உதறினால் தசை உற்சாகம். மஞ்சள் காமாலைக்குப் பொன்னிறம் என்று பெயர். காலையில் சுற்றி வரும் நர்ஸ் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, விரலைச் சுட்டுக்கொண்டது போல வெடுக்கென்று எடுத்து, "உற்சாகமா இருக்காரு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவாள். தெர்மாமீட்டர்கள் கண்ணாடிப் பெட்டியில் பூட்டிக் கிடந்தன. அவை உடையக் கூடிய பொருள்கள் என்பதால் யாரும் தொடுவதில்லை.

அடுத்த கட்டிலில் ஒரு பஸ் டிரைவர் கிடந்தார். வயதில் மூத்தவர், தேகமும் பெரிசு. பித்தப்பையை எப்போதோ எங்கேயோ அறுத்து எடுத்துவிட்டார்கள், ஆனால் குழாயில் ஒரு கல் தங்கிவிட்டது. ஸ்டூடியோக்காரருக்கு என்ன கோளாறோ அதே கோளாறுதான்.

"தம்பி, புதுசா?" என்றார் டிரைவர். "குளிரு வந்தா போர்வையக் கடிச்சிக்க. இந்தா, இந்த அட்டைய மடிச்சு உன் கட்டில் காலுக்கு அடியில வச்சுக்க. அந்தக் கால் குட்ட. நீ ஆடினா கட்டிலு கடகடங்கும். கட்டிலு கடகடன்னா அந்த முகமூடிக்காரன் வந்துருவான்."

"வந்தா என்ன பண்ணுவாரு அண்ணே?"

"வெளிய அனுப்பிருவான். கேட்டுக்கு அந்தாண்ட ஒரு சைக்கிள் கொட்டாய் இருக்கு பாத்தியா? அதுக்கு விருந்தினர் இல்லம்னு பேரு. அது ஆஸ்பத்திரி கணக்குல வராது. அங்க போய் யாருக்கு வேணும்னாலும் காய்ச்சல் வரலாம்."

அன்றிலிருந்து இருவரும் கூட்டுக் களவாணிகள் ஆனார்கள். ஒருவருக்குக் குளிர் வந்தால் மற்றவர் உரக்க இருமி அந்தச் சத்தத்தை மறைப்பார். சின்ன டாக்டரம்மா மட்டும், கிருமியைக் கொல்லும் மருந்தைச் சத்து மருந்து என்று சொல்லி இரண்டு பேருக்கும் டிரிப்பில் கலந்து ஏற்றிவிட்டுப் போவாள். "இது தாங்குமே தவிர தீத்து வைக்காது. அடைப்ப எடுக்காம எவ்வளவு மருந்து குடுத்தாலும் வீண்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்வாள். அவளுக்கும் அவர்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

பெரிய டாக்டர் ஒரு நாள் ஊர்வலமாக வந்தார். முன்னால் இரண்டு பேர், பின்னால் பதினைந்து பேர், நடுவில் அவர். கல் எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் எடுத்த கற்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, நடைபாதையில் அலமாரி கட்டி, உள்ளே குழல் விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். நோயாளிகளின் பெயர் எதிலும் இல்லை.

"அற்புதமான கல்லு!" என்றார் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து. "வடிவத்தப் பாருங்கய்யா. இந்த மாதிரி கல்லு கிடைக்க குடுத்து வச்சிருக்கணும். எனக்கு ஆள மறந்துடும், கல்ல மட்டும் மறக்காது. ஆளு யாரு வேணும்னாலும் வரலாம், போகலாம். கல்லு நிக்கும்."

"எப்பங்க எடுப்பீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"நான் ரெடி. ஆனா நம்ம கொள்கைப்படி தொற்று இல்லாத உடம்புலதான் கை வைப்பேன். இவருக்கு இந்த வெப்ப மிகுதி போகட்டும். அடுத்த நிமிஷம் எடுத்துடறேன்."

"கல்லு இருக்கறதாலதானே காய்ச்சலே வருது?"

பெரிய டாக்டர் அந்தச் சொல்லைக் கேட்டு முகம் சுளித்தார். பதினைந்து பேரும் கூடவே சுளித்தார்கள். "அம்மா, கல்லு என் துறை. நீங்க சொன்ன அந்த இன்னொண்ணு இங்க யாரோட துறையும் இல்ல." ஊர்வலம் நகர்ந்துவிட்டது.

ஆக, கல்லை எடுத்தால்தான் காய்ச்சல் போகும். காய்ச்சல் போனால்தான் கல்லை எடுப்பார்கள். இதைப் பற்றி ஸ்டூடியோக்காரர் ஒருநாள் முழுக்க யோசித்துப் பார்த்தார். தன் உடம்பு கொஞ்சம் ஒத்துழைத்தால் எல்லோருக்கும் நல்லது என்ற முடிவுக்கு வந்தார்.

இந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரிக்கு ஒரு விருது வந்தது. மாசற்ற மருத்துவமனை என்று கேடயம் தரப் போகிறார்கள். மேலிடத்திலிருந்து ஆட்கள் வருவார்கள், முற்றத்தில் மேடை, குணமான நோயாளி ஒருவர் நன்றி சொல்ல வேண்டும். விழாவுக்கு முதல் நாள் தூய்மை அதிகாரி ஒத்திகைக்காக வார்டை ஒரு சுற்றுச் சுற்ற வந்தார். வாசல்படியில் அவர் கால் வைத்த அதே நேரத்தில் ஸ்டூடியோக்காரருக்குக் குளிர் வந்தது.

போர்வையைக் கடித்தார். கம்பியைப் பிடித்தார். ஆனால் கூட்டிப் பெருக்குகிறேன் பேர்வழி என்று காலையில் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். கட்டில் கடகடவென்று ஆடத் தொடங்கியது. இடம் போதாமல் கட்டில்களை ஒன்றோடொன்று ஒட்டிப் போட்டிருந்ததால், பக்கத்தில் டிரைவரின் கட்டிலும் சேர்ந்து ஆடியது. டிரைவர் உரக்க இருமிப் பார்த்தார். அதற்கெல்லாம் அடங்குகிற சத்தமாக அது இல்லை.

"எந்தக் கட்டில் ஆடுது?" என்றார் அதிகாரி.

வார்டில் மூச்சுச் சத்தம் இல்லை. இரண்டு முகமூடிகளுக்கு மேலே தெரிந்த கண்கள் ஸ்டூடியோக்காரர் மேல் வந்து நின்றன. அந்தப் பார்வையில் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. மறுபடியும் செருப்புப் பேச்சு, மறுபடியும் நாலு பேர் முன்னால் தலைகுனிவு. யோசித்துச் செய்ததில்லை. கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. விரல் நீண்டது. டிரைவரைக் காட்டியது.

டிரைவர் அந்த விரலைப் பார்த்தார். பிறகு விரலுக்குச் சொந்தக்காரரின் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றார் அதிகாரியிடம். "என் கட்டில்தான். காலு குட்ட."

ஸ்ட்ரெச்சர் வந்தது. டிரைவரை ஏற்றிப் போனார்கள். போகும்போது அவர் ஸ்டூடியோக்காரர் பக்கம் திரும்பவே இல்லை. அதிகாரி போகிற போக்கில் ஸ்டூடியோக்காரரின் தோளைத் தட்டி, "நல்ல பொறுப்பு. உங்கள மாதிரி நாலு பேரு இருந்தா போதும்" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது ஸ்டூடியோக்காரருக்கு. கண்ணை மூடினால் அந்த முகம்தான் தெரிந்தது. எத்தனையோ முகங்களைப் படம் பிடித்தவர். இந்த ஒரு முகத்தை அழிக்க அவருக்கு வழி தெரியவில்லை.

மறுநாள் காலையில் அதிசயம் நடந்தது. நர்ஸ் வழக்கம் போல நெற்றியில் கை வைத்தாள். சுடவில்லை. ஜில்லென்று இருந்தது. கை காலெல்லாம் ஜில்லென்று இருந்தன. குளிர் நடுக்கமும் நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியே மகிழ்ந்தது. தூய்மை அதிகாரி தாமே வந்து, ஒரு முகமூடியைக் கழற்றிப் புன்னகை செய்தார். "பாத்தீங்களா? மனசு வச்சா முடியும். இன்னைக்கு மேடையில நன்றி சொல்லப் போறது நீங்கதான்."

சின்ன டாக்டரம்மா நாடி பிடித்துப் பார்த்துவிட்டு வெளிறிப் போனாள். "சார், இது குணமானதில்ல. சீழ் ரத்தத்துல ஏறிடுச்சு. ரத்த அழுத்தம் இறங்கிட்டே வருது. உடம்பு போராடி ஓஞ்சு போச்சு, அதான் ஜில்லுன்னு இருக்கு. உடனே வடிக்கணும்."

"சூடா இருந்தா வடிக்கணும்கிறீங்க. ஜில்லுன்னு இருந்தாலும் வடிக்கணும்கிறீங்க. உங்களத் திருப்திப்படுத்தவே முடியாதா?" என்றார் அதிகாரி.

மேடையில் ஒரு நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். மனைவி சண்டை போட்டுப் பார்த்தாள். மேடைக்கு நோயாளியின் உறவினர் வர அனுமதி இல்லை என்று கீழே நிறுத்திவிட்டார்கள். பெரிய டாக்டர் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! இந்தப் பச்சை விளக்கு ஒரு நாளும் அணைந்ததில்லை. நோயாளிகள் அணைந்திருக்கலாம். அது இயற்கை. விளக்கு அணையவில்லை! எங்களிடம் வருகிறவர்கள் நலமாகத் திரும்புகிறார்கள். நலமாகத் திரும்ப மாட்டார்கள் என்று தோன்றுகிறவர்களை நாங்கள் முன்கூட்டியே திருப்பி அனுப்பிவிடுகிறோம். இதுவே எங்கள் வெற்றியின் ரகசியம். மற்றவர்களும் பின்பற்றலாம்!"

பலத்த கைதட்டல். அடுத்ததாக மைக்கை ஸ்டூடியோக்காரர் முன்னால் வைத்தார்கள். அவர் எழுந்தார். முற்றத்தில் வரிசை வரிசையாக மனிதர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். எங்கே இருக்கிறோம் என்பது அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டிருந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் பழக்கதோஷம் முந்திக்கொண்டது.

"பின்வரிசை கொஞ்சம் நெருங்கி வாங்க" என்றார். "ஆடாதீங்க. தாடைய லேசா தூக்குங்க. சிரிங்க. டிரைவர் அண்ணன எங்க காணோம்? அவரு இல்லாம எடுக்க முடியாது. யாராச்சும் போயி கூட்டிட்டு வாங்க..."

சொல்லிக்கொண்டே சரிந்து மேடையில் விழுந்தார்.

சின்ன டாக்டரம்மா மேடைக்கு எப்படி ஏறினாள் என்று யாருக்கும் தெரியாது. ஒலிபெருக்கி இன்னும் உயிரோடு இருந்ததால் அவள் கத்தியது தெருக்கோடி வரைக்கும் கேட்டது. "சீழுங்க! இவருக்குள்ள சீழ் இருக்கு! சீழ்!"

மேலிடத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நிர்வாகம் மேடைக்குப் பின்னால் அவசரமாகக் கூடி, ஒரு தீர்மானம் போட்டது. குழாய் விடும் அறை, வேலை முடிகிற வரைக்கும், ஆஸ்பத்திரியின் பகுதி அல்ல. கதவில் பயிற்சிக் கூடம் என்று ஓர் அட்டை தொங்கவிடப்பட்டது. உள்ளே, சின்ன டாக்டரம்மா கேமரா பொருத்திய குழாயை அவர் வாய் வழியாக இறக்கி, குடலில் பித்தக்குழாய் திறக்கும் இடத்தைக் கண்டுபிடித்து லேசாகக் கீறினாள். உள்ளே அடைபட்டுக் கிடந்தது பீய்ச்சிக்கொண்டு வந்தது. பச்சையும் மஞ்சளும் கலந்த கெட்டிச் சீழ். அந்த நிலைமையில் கல்லை எடுக்க நேரமில்லை. கல்லைத் தாண்டி ஒரு மெல்லிய குழாயைச் செருகி, அதன் மறுமுனையை மூக்கு வழியாக வெளியே எடுத்து ஒரு பையில் வடிய விட்டாள். உயிர் தங்கியது.

கண் விழித்து, நாலு வாய் பால் குடிக்கிற அளவுக்குத் தேறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி டிரைவர் எங்கே என்பதுதான்.

"கொட்டாயிலதான்" என்றாள் மனைவி. "டாக்டரம்மா போயி மருந்து ஏத்திட்டு வருது. மோசமா இருக்காராம். உங்களுக்குப் பண்ணின மாதிரி அவருக்கும் பண்ணணுமாம். ஆனா ஒரு அறைய வருஷத்துல ஒரு தரம்தான் ஆஸ்பத்திரி இல்லன்னு சொல்லலாமாம். உங்களுக்காக அத செலவு பண்ணிட்டாங்களாம்."

ஸ்டூடியோக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரிடம் சொல்வது போலச் சொன்னார். "அன்னைக்கு ஆடினது என் கட்டிலு. நான்தான் அவரக் கை காட்டினேன்."

மனைவி பால் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அவரு உங்களப் பாத்தாரா?"

"பாத்தாரு."

"என்ன சொன்னாரு?"

"என் கட்டில்தான்னு சொல்லிட்டாரு."

"அட பாவி மனுஷா" என்றாள். இத்தனை வருஷத்தில் அவரை அவள் அப்படிச் சொன்னதில்லை. அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இங்கே வந்த நாளிலிருந்து வெட்கப்படாதே என்று சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது அப்படிச் சொல்லவில்லை.

அவர்தான் மறுபடி பேசினார். "ஸ்டூடியோல இருட்டறை இருக்குல்ல, நீ பழைய நாற்காலியெல்லாம் போட்டு வச்சிருக்கியே. அங்க மேஜை டிராயர்ல ஒரு சிவப்பு பல்பு கிடக்கும். படம் கழுவும்போது எரியறது. அத எடுத்துட்டு வா."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம், பார்வையாளர் நேரத்துக் கூட்டம் உள்ளே போயும் வந்தும் இருந்தபோது, மூக்கிலிருந்து குழாய் தொங்கிய ஒரு மனிதர் வாசல் வளைவில் சாய்த்திருந்த ஏணியில் ஏறினார். பித்தம் வடிகிற பையைச் சட்டைப் பையில் ஊக்கு வைத்துக் குத்தியிருந்தார். கால் வெடவெடத்தது. இந்த நடுக்கத்துக்கு ஆஸ்பத்திரியில் பெயர் இல்லை. காவலாளி நிமிர்ந்து பார்த்தார். அந்த ஏணியில் யாராவது ஏறிப் பச்சை பல்பு மாற்றுவது தினசரி பார்க்கிற காட்சிதான் என்பதால் மறுபடி குனிந்துகொண்டார். கீழே மனைவி ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டே, ஒட்டுத்தாள் ஒட்டி மூடியிருந்த சிவப்பு சுவிட்சை இன்னொரு கையால் தேடி, தாளைக் கிழித்துத் தட்டினாள்.

சிவப்பு எரிந்தது.

எரிந்த பிறகு என்ன செய்வதென்று அந்த ஆஸ்பத்திரிக்குத் தெரிந்திருந்ததுதான் வேடிக்கை. யாரும் படித்ததில்லையே தவிர, விதி ஒவ்வொரு சுவரிலும் சட்டம் போட்டுத் தொங்கியது. எல்லோருக்கும் விளக்கைப் பார்த்துத்தான் பழக்கம், நோயாளியைப் பார்த்து இல்லை. விளக்கு சொல்லிவிட்டது. நர்ஸுகள் ஓடினார்கள். கண்ணாடிப் பெட்டியை உடைத்துத் தெர்மாமீட்டர்களை எடுத்தார்கள். கல் அலமாரியின் முன்னால் விருந்தாளிகளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த பெரிய டாக்டர், விளக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கையைக் கழுவப் போனார். "யாரு? தொற்று யாருக்கு?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"கொட்டாயில!" என்று கத்தினாள் சின்ன டாக்டரம்மா. அதற்குள் அவளே ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டியிருந்தாள்.

தூய்மை அதிகாரி மட்டும் வளைவுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். இரண்டு முகமூடியும் கழன்று கழுத்தில் கிடந்தன.

"யாரு செஞ்சது இது?" என்றார். "எவன் வேலை?"

கூட்டம் அப்படியே நின்றது. வார்டில் அன்றைக்கு இருந்த அதே மௌனம். ஸ்டூடியோக்காரர் ஏணியிலிருந்து பாதிதான் இறங்கியிருந்தார். அத்தனை கண்களும் மெல்ல மெல்ல மேலே ஏறின. உடம்பு கூசியது. மறுபடியும் அவர் கை நீண்டது. இந்தத் தடவை அதை மடக்கித் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"நான்தாங்க."

அதே நேரத்தில் ஸ்ட்ரெச்சர் வளைவுக்குள் நுழைந்தது. டிரைவர் பாதியாக இளைத்திருந்தார். சிவப்பு வெளிச்சத்தில் அவருடைய மஞ்சள் தெரியவில்லை. யாருடைய நிறமும் தெரியவில்லை. ஏணிக்கு நேரே வந்ததும் அவர் கையைத் தூக்கி ஸ்ட்ரெச்சரை நிறுத்தச் சொன்னார். கண்ணைத் திறந்து, மேலே தொங்கிக்கொண்டிருந்த மனிதரை அடையாளம் கண்டுகொண்டார்.

"கட்டிலு?" என்றார்.

ஸ்டூடியோக்காரர் சுற்றிலும் பார்த்தார். அதிகாரி இருந்தார், கழுவிய ஈரக் கையோடு பெரிய டாக்டர் வந்து நின்றிருந்தார், முன்பின் தெரியாத சனம் வேறு நூறு பேர். இதைவிட நல்ல கூட்டம் அவருக்கு எந்தக் கல்யாணத்திலும் கிடைத்ததில்லை.

"கட்டிலும் என்னுதுதான் அண்ணே" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஆடினது நான்தான். பயந்துபோயி உங்களக் காட்டிட்டேன்."

"ம்" என்றார் டிரைவர். மன்னித்த மாதிரியும் இல்லை, மன்னிக்காத மாதிரியும் இல்லை. "வண்டிய எடுங்க, போலாம்."

ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. ஸ்டூடியோக்காரர் தலையைக் குனிந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே மனைவி இன்னும் ஏணியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.